ரெண்டாம் நம்பருக்கு ஆறு டிக்

"மேடம், ஒண்ணு கேக்கணும். கேட்டா கோவப்படக் கூடாது."

"கேளுங்க அண்ணாச்சி."

"நீங்க எல்லாரு வேலையையும் பின்னாலயே போய்த் தொட்டுப் பாக்கிய. எம் வேலைய மட்டும் ஏன் வந்து பாக்க மாட்டேங்கிய?"

இசக்கியம்மாள் மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரு தாளை எடுத்துத் தொபியாஸின் முன்னால் வைத்தார்.

"நாளைக்குக் காலையில ரெண்டாம் நம்பர் ஜெனரேட்டரைத் திறந்து பாக்கணும். நீங்களே தயார் பண்ணி வச்சிருங்க."

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. தொபியாஸ் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல் தாண்டியதும் முணுமுணுத்தார்.

"பதில் சொல்லக்கூட நான் லாயக்கில்ல போலிருக்கு."

காக்கிநாடாவுக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற ஒரு பழைய சரக்குக் கப்பலில் நடந்தது இது.

தொபியாஸ் மணப்பாட்டுக்காரர். வயது நாற்பத்தொன்பது. இருபத்தாறு வருஷம் விசைப்படகில் டிரைவர். இன்ஜின் இருமுவதைக் கேட்டே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். யாரோ ஏற்றிவிட்டார்கள் என்று இந்த வயதில் பரீட்சை எழுதி, கப்பலின் இன்ஜின் அறைக்குக் கடைசி இன்ஜினியராக வந்து சேர்ந்திருந்தார்.

இசக்கியம்மாள் அந்தக் கப்பலின் செகண்ட் இன்ஜினியர். திசையன்விளைக்காரர். தொபியாஸ் தன் முதல் இன்ஜினைப் பிரித்துப்போட்டபோது மேடம் இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

தன்னைவிடச் சின்னவரைக் குருவென்று ஏற்க எந்த மனுஷனுக்கும் கொஞ்சம் வலிக்கும். தொபியாஸுக்கும் வலித்தது. ஒரு வாரத்தில் வலி போய்விட்டது.

அது போன கதை இது.

மூன்றாம் இன்ஜினியர் ஒருநாள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஆயில் ஃபில்டரைக் கழுவி மாட்டியாச்சு மேடம்."

இசக்கியம்மாள் அவர் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தன சோப்பு," என்றார்.

டீசலில் ஃபில்டர் கழுவிய கையில் எந்தச் சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. மூன்றாம் இன்ஜினியர் வந்த வழியே திரும்பிப் போய் ஃபில்டரைக் கழற்றி டீசலில் கழுவினார்.

தீர விசாரிப்பதே மெய் என்று நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். இசக்கி மேடத்துக்கு அதுவும் போதாது, தொட்டுப் பார்க்க வேண்டும். மூடியாச்சு என்றால் போய் வால்வைத் தொடுவார். முறுக்கியாச்சு என்றால் ஸ்பேனரைப் போட்டு அழுத்துவார். சீஃப் இன்ஜினியரே சொன்னாலும், "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு, அவர் போனதும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

தொபியாஸின் பின்னாலும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் வந்தார். நிழல் மாதிரி வந்தார். தொபியாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

பிறகு அந்த வாஷர் விழுந்தது.

ஒன்றாம் நம்பர் ஜெனரேட்டரில் தொபியாஸ் தனியாக வேலை செய்துகொண்டிருந்த நாள். ஒற்றை ரூபாய் நாணயத்தளவு வாஷர், விரலில் நழுவி இன்ஜினுக்குள் போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. மூடிவிட்டுப் போயிருக்கலாம். அவரே மேலே ஏறிப்போய்ச் சொன்னார். அதைத் தேடி எடுக்க ஐந்து மணி நேரம் ஆனது. கப்பல் கிளம்பத் தாமதம். கேப்டன் போனில் கத்தியது பக்கத்து அறைக்கே கேட்டது.

அன்றிலிருந்து இசக்கியம்மாள் தொபியாஸின் பின்னால் வருவதை நிறுத்திவிட்டார்.

தொபியாஸ் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் கண்டார். கைகழுவிவிட்டார்கள். இவன் தேறமாட்டான், இவன் பின்னால் போய் நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மூன்று மாதமாக இந்த முள் உள்ளே கிடந்து உறுத்தியது. இன்று வாய்விட்டுக் கேட்டும் ஒரு தாளைத்தான் தூக்கிப் போட்டார்கள்.

அவருக்கு வேண்டியது ஒரு கையெழுத்து.

பயிற்சிப் புத்தகம் என்று ஒன்று கொடுத்திருந்தார்கள். அதன் கடைசிப் பக்கத்தில், 'இவர் ஜெனரேட்டர் இன்ஜினைத் தனித்துப் பொறுப்பேற்றுப் பராமரிக்கத் தகுந்தவர்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே செகண்ட் இன்ஜினியர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அடுத்த பரீட்சை. போடாவிட்டால் மறுபடி விசைப்படகு. கப்பலைவிட்டு இறங்க எட்டு நாள்தான் இருந்தது.

வீட்டில் மச்சினன் ஒருவன் இருக்கிறான். ஏற்கெனவே மூன்றாம் இன்ஜினியர். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "அத்தான், போட் வேலை வேற, கப்பல் வேலை வேற" என்பான். அவன் வாயை அடைக்கவாவது அந்தக் கையெழுத்து வேண்டும்.

இனி அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கப்பலுக்குக் கரண்ட் கொடுக்க மூன்று டீசல் ஜெனரேட்டர்கள். நங்கூரம் போட்டு நிற்கும்போது ஒன்று ஓடினால் போதும். இன்னொன்று காத்திருக்கும். மேலே பெரிய மோட்டார் எதையாவது போட்டு, ஓடுகிற இன்ஜின் திணறினால், காத்திருக்கிற இன்ஜின் தானாகவே கிளம்பிவிடும். யாரும் பொத்தானை அமுக்க வேண்டாம். யாரையும் கேட்கவும் கேட்காது.

இப்படிக் காத்திருக்கிற இன்ஜினுக்குள் கையை விடுவதானால், முதலில் அதைத் தூங்கவைக்க வேண்டும். அதற்குத்தான் அந்தத் தாள். ஆறு வரி. காத்திருக்கும் பொறுப்பை மூன்றாம் நம்பருக்கு மாற்றியாச்சா? இன்ஜினைக் கிளப்பும் காற்று வால்வை மூடியாச்சா? டீசல் வால்வை மூடியாச்சா? குழாயில் மிச்சமிருக்கும் காற்றை விட்டாச்சா? இன்ஜின் ஆறியிருக்கிறதா? 'ஆள் வேலை செய்கிறார்' என்ற பலகையை மாட்டியாச்சா?

ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக். அடியில் ஒரு கையெழுத்து.

செய்துவிட்டு டிக் போட வேண்டும். அதுதான் முறை. ஆனால் தாள் காலை எட்டு மணிக்குள் சீஃப் மேசைக்குப் போயாக வேண்டும். அவர் பார்த்ததும் அது இன்ஜினைத் திறக்கிறவர் கைக்கு வரும். எட்டு மணிக்கு இட்லித் தட்டு முன்னால் இருக்கும். அதனால் தட்டுக்குப் பக்கத்திலேயே தாளை வைத்து, ஆறு டிக்கையும் சரசரவென்று போட்டு அனுப்பிவிட்டு, கைகழுவி, கீழே இறங்கி ஒவ்வொன்றாகச் செய்வார்கள். எல்லாரும் அப்படித்தான். எப்படியும் செய்யத்தானே போகிறோம்? இதில் என்ன பொய்?

தொபியாஸும் அப்படித்தான். ஐந்து மாதத்தில் ஒருநாளும் ஒன்றையும் செய்யாமல் விட்டதில்லை. பத்து நிமிஷம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

மறுநாள் காலை சட்னியைத் தொட்டுக்கொண்டே ஆறு டிக் போட்டார். கையெழுத்துப் போட்டார். தாள் போய்விட்டது.

கீழே இறங்கினார். முதலில் கைக்கு வந்தது பலகைதான், அதை ரெண்டாம் நம்பரில் மாட்டினார். இன்ஜினைத் தொட்டார், ஆறியிருந்தது.

அப்போது புத்தகத்தின் ஞாபகம் வந்தது.

இன்றைக்கு மேடமே வந்து பார்ப்பார். வேலை முடிந்த கையோடு புத்தகத்தை நீட்டிவிட வேண்டும். இதைவிட்டால் வேறு சமயம் கிடைக்காது. என்ன சொல்லி நீட்டுவது? 'போடுறதுன்னா போடுங்க, போடலன்னா இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருங்க.' இல்லை, அது முரட்டுத்தனம். 'மேடம், தயவு பண்ணி…' சே, கெஞ்சுகிற மாதிரி இருக்கும்.

இப்படி வார்த்தையைத் தேடிக்கொண்டே மூன்று தளம் ஏறி அறைக்குப் போனார். புத்தகம் பெட்டியின் அடியில் கிடந்தது. எடுத்துத் தூசி தட்டினார். கடைசிப் பக்கத்தைத் திறந்து காலியாக இருந்த இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். தலையைக்கூடச் சீவிக்கொண்டார்.

கக்கத்தில் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு இறங்கினார்.

கீழே ஒன்றாம் நம்பர் காதைக் கிழித்து ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டாம் நம்பரின் அடிவயிற்றில் நான்கு இரும்புக் கதவுகள். அதில் ஒன்றைக் கழற்றித் தரையில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

அதன் முன்னால் இசக்கியம்மாள் மண்டியிட்டிருந்தார். காதில் சத்தத்தை அடைக்கும் இயர் மஃப். வலது கை தோள்வரை இன்ஜினுக்குள். உள்ளே இருக்கிற போல்ட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச்சை உள்ளேயே ஒரு விளிம்பில் வைத்திருந்தார். அந்த வெளிச்சத்தில் அவர் கன்னம் இன்ஜினோடு ஒட்டியிருந்தது தெரிந்தது.

மேடமே ஆரம்பித்துவிட்டார். நல்லவேளை, முகத்தில் கடுகடுப்பு இல்லை. தொபியாஸுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் வால்வைப் பார்த்தார்.

காற்று வால்வின் பிடி குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். குழாயோடு குழாயாக நின்றால் திறந்திருக்கிறது.

குழாயோடு குழாயாக நின்றது.

மூடவில்லை. டீசலையும் மூடவில்லை. காத்திருக்கும் பொறுப்பை மாற்றவும் இல்லை. பலகையை மாட்டினோம், தொட்டுப் பார்த்தோம், மேலே போய்விட்டோம்.

இன்ஜின் விழித்துக்கொண்டு காத்திருக்கிறது. அதன் வயிற்றுக்குள் மேடத்தின் கை.

அங்கேயே கத்தியிருக்க வேண்டும். பாய்ந்து இழுத்திருக்க வேண்டும். அந்த மனுஷன் அதைச் செய்யவில்லை. அவருக்கு முதலில் தோன்றியது வேறு.

வால்வு நாலு எட்டில் இருக்கிறது. மேடம் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மெதுவாகப் போய் மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. புத்தகம் கக்கத்தில் இருக்கிறது.

நடந்தார். அவசரமே இல்லாத ஆள் போல நடந்தார். உதட்டைக் குவித்து ஒரு விசில்கூடப் போட்டுக்கொண்டார். அந்தச் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை.

ஒரு எட்டு.

இரண்டாவது எட்டில் விளக்குகள் மங்கின.

மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்த சாமான் படகு காலையிலேயே வந்துவிட்டது. அரிசி மூட்டைகளை ஏற்ற மேல்தளத்து ஆட்களின் தலைவனான போசன் கிரேனைப் போட்டிருந்தான். தொபியாஸுக்கு அது தெரியாது. ஒன்றாம் நம்பர் முக்கியது மட்டும் கேட்டது. பாரம் தாங்காத முக்கல். இருபத்தாறு வருஷம் கேட்ட பாஷை, அதற்குப் பொருள் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"மேடம்! கைய எடுங்க!"

காதில் இயர் மஃப். அவர் திரும்பவில்லை.

"இசக்கீ!"

புத்தகம் எங்கே போனது என்று தெரியாது. தொபியாஸ் பாய்ந்தார். மேடம் போட்டிருந்த பாய்லர் சூட்டின் முதுகைக் கொத்தாகப் பிடித்து, வலை இழுக்கிற வேகத்தில் இழுத்தார். இரண்டு பேரும் இரும்புத் தரையில் மல்லாந்து விழுந்தார்கள்.

புஸ்ஸென்று காற்று சீறியது.

ரெண்டாம் நம்பர் கிளம்பியது.

திறந்த கதவு வழியாக எண்ணெய் வாளி வாளியாக வந்து அடித்தது. உள்ளே டார்ச் நொறுங்கியது. ஒரு துண்டு பறந்து வந்து எதிர்ச் சுவரில் பட்டு விழுந்தது. தொபியாஸ் தவழ்ந்தார், வழுக்கினார், மறுபடி தவழ்ந்து சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் குத்தினார்.

இன்ஜின் நின்றது.

வால்வை மூடினார். நாலு எட்டும் முழுதாக வேண்டியிருக்கவில்லை, பொத்தானிலிருந்து கையெட்டுகிற தூரத்திலேயே இருந்தது. மூடிய பிறகும் பிடியை விட முடியவில்லை. விரல்கள் ஒட்டிக்கொண்டு நின்றன.

மேலே கிரேனை நிறுத்திவிட்டார்கள் போல, விளக்குகள் மறுபடி பளிச்சென்று எரிந்தன. கன்ட்ரோல் அறையில் போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

இசக்கியம்மாள் எழுந்து உட்கார்ந்தார். தலையிலிருந்து எண்ணெய் சொட்டியது. இயர் மஃபைக் கழற்றித் தரையில் வைத்தார். வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

விரல்களை மடக்கினார். விரித்தார். மறுபடி மடக்கினார்.

ஐந்தையும் இடது கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

குருமார்கள் சீடனைச் சோதிப்பார்கள் என்று கதைகளில் கேட்டிருக்கிறோம். எல்லாம் தெரிந்தே செய்திருப்பார்கள், கடைசியில் சிரிப்பார்கள். தொபியாஸும் ஒரு கணம் அப்படி ஆசைப்பட்டார். இது சோதனையாக இருந்துவிடக் கூடாதா? மேடத்துக்கு முன்னாலேயே தெரிந்திருக்கக் கூடாதா?

டார்ச்சின் கண்ணாடி அவர் காலடியில் தூளாகக் கிடந்தது.

அறைவார் என்று எதிர்பார்த்தார். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

இசக்கியம்மாள் அறையவில்லை. இயர் மஃபில் வழிந்த எண்ணெயை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

"நான் மூடல மேடம்," என்றார் தொபியாஸ். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "டிக் போட்டேன். மூடல. சுவிட்சும் மாத்தல. ஒண்ணும் செய்யல."

"ம்."

"அதுமட்டுமில்ல. வந்ததும் பாத்துட்டேன். தொறந்திருக்கது தெரிஞ்சும் ஒங்கள இழுக்காம, ஒங்களுக்குத் தெரியாம மூடிரலாம்னு நடந்து வந்தேன். ரெண்டு எட்டு நடந்தேன் மேடம்."

இசக்கியம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

பயம் இறங்கினால் கோபம் ஏறும். தப்பு நம்முடையது என்றால் கொஞ்சம் கூடவே ஏறும். தொபியாஸுக்கு ஏறியது. கண்ணில் தண்ணீரும் சேர்ந்து வந்தது.

"ஆனா நீங்க? அத்தன பேரு பின்னாலயும் போறிய! சீஃப் சொன்னதையே போய்த் தொட்டுப் பாக்கிய! சோப்பு வாசனைய மோந்து பாக்கிய! கைய உள்ள விடுததுக்கு முன்னால, இந்தா, இங்கன இருக்க வால்வு, ஒரு தடவ தலையத் திருப்பிப் பாக்கக் கூடாதா? அந்தக் கை போயிருந்தா நான் எங்க போயி நிக்க?"

இசக்கியம்மாள் மார்புப் பைக்குள் இரண்டு விரலை விட்டார். மடித்த தாள் ஒன்று வந்தது. எண்ணெயில் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. கிழியாமல் மெல்லப் பிரித்துத் தரையில் விரித்தார்.

ஆறு டிக்கும் அப்படியே இருந்தன. அடியில் தொபியாஸின் கையெழுத்து.

"இதுல வேற யார் கையெழுத்து இருந்திருந்தாலும் பாத்திருப்பேன், அண்ணாச்சி," என்றார் இசக்கியம்மாள்.